பதினைந்து வெங்காயம் தூக்கும் ஹெலிகாப்டர்

ஜூன் 2

முதலாளி இன்று விசாவைப் பற்றிக் கேட்டார். நவம்பரோடு முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துவிடவா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருஷமாக இந்த மஸ்கட்டில், ரூவி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மெஸ்ஸில், நாற்பது ஆண்களுக்கு ஆக்கிப் போட்டாயிற்று. போதும். உடன்குடியில் என் மகள் தங்கேஸ்வரி மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறாள். கிழக்குப் பக்கம் ஜன்னல். அது எனக்கென்று கட்டியது. நவம்பரில் போய் அங்கே கட்டிலைப் போட்டுப் படுத்தால் அப்புறம் யாருக்காகவும் நாலு மணிக்கு எழுந்திருக்க மாட்டேன்.

இந்த டைரியும் முதலாளி கொடுத்ததுதான். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு டைரி எதற்கு என்று சாப்பிட வருகிறவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு எதுவும் மறக்காது. எழுதி வைப்பது மற்றவர்களுக்காக. பிறகு ஒருநாள், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று எவரும் சாதிக்கக் கூடாது பாருங்கள்.

இன்று சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல். கத்தரிக்காயில் பாதி சொத்தை.

ஜூன் 5

பேத்தி சஷ்டிகாவுக்குக் காய்ச்சலாம். பன்னிரண்டு வயது, ஏழாவது படிக்கிறாள். ஒன்பது நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகத் தங்கேஸ்வரி சொன்னாள். நாள் எண்ணிச் சொல்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை. பிள்ளை முகத்தைக் காட்டு என்றேன். போனில் கேமரா சரியில்லை என்றாள். நிலவேம்பு போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

போனை வைக்கும்போது, உளுந்தங்களிக்கு ஒரு படி உளுந்துக்கு நல்லெண்ணெய் எவ்வளவு ஊற்றவேண்டும் என்று கேட்டாள். யாருக்கு என்றேன். தனக்குத்தான், இடுப்பு வலி என்றாள். அளவு சொன்னேன். ஒரு கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் அந்தச் சேதி முதலில் எனக்குத்தான் வரும். பெற்றவளுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வாள்?

ஜூன் 8

சஷ்டிகாவே பேசினாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆச்சி, எனக்கு ஒரு ஹெலிகாப்டர் வேணும், ரிமோட்டு உள்ளது, கரண்டுல சார்ஜ் போடுறது என்றாள். பெண் பிள்ளைகள் பொம்மையும் வளையலும் கேட்கிற காலத்தில் என் பேத்தி ஹெலிகாப்டர் கேட்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எதற்கென்று கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வருகிறது என்றாள் தங்கேஸ்வரி.

அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஹாலுக்குள் பறக்க வேண்டும். சிவப்பு நிறமாக இருக்க வேண்டும். நூறு கிராம் எடையாவது தூக்க வேண்டும். புதிதாகப் பிடிக்கிறவர்களும் ஓட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு எதற்கு எடை தூக்க வேண்டும் என்றேன். தூக்கினால்தான் மார்க் என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

விடுமுறை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜெபசிங்கைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஜெபசிங் நாசரேத்துக்காரர், ஏசி மெக்கானிக், ஒன்பது வருஷமாக என் கையில் சாப்பிடுகிறவர். மிஷின் விஷயம் அவருக்குத் தெரியும்.

கடைக்காரர் மலையாளி. உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து வைத்தார். விசிறி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மேலே போய் டியூப்லைட்டில் இடித்து விழுந்தது. இது எவ்வளவு தூக்கும் என்று கேட்டேன். அது தன்னைத்தானே தூக்குவதே பெரிய காரியம் அம்மா என்றார். அடுத்து நாலு மூலையிலும் விசிறி வைத்த ஒன்றைக் காட்டி, இப்போது எல்லோரும் டிரோன்தான் எடுக்கிறார்கள், நேராக நிற்கும், சிரமம் கிடையாது என்றார். மல்லாந்த பூச்சி மாதிரி இருந்தது. பிள்ளை கேட்டது ஹெலிகாப்டர், வாலும் தலையும் உள்ளதைக் காட்டும் என்றேன்.

மூன்றாவது ஒரு முழ நீளம். தலைக்கு மேல் விசிறி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. அதனால் ஆடாமல் நிற்கும், ஹாலுக்குள் ஓட்ட ஏற்றது என்று ஜெபசிங் விளக்கினார். முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டால் ஏழெட்டு நிமிஷம் பறக்குமாம். எடை தூக்குமா என்றதற்குக் கடைக்காரரும் ஜெபசிங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரியாது என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

எடுத்து வையும், அடுத்த வெள்ளி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 15

இரண்டடுக்கு விசிறியைப் பற்றித் தங்கேஸ்வரியிடம் சொன்னேன். ஓட்டுவதற்கு ரிமோட்டில் இரண்டு குச்சி இருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்து அசைக்க வேண்டும், பள்ளிக்கூடத்துச் சாருக்கு வருமா என்று கேட்டேன். அதெல்லாம் வரும், ஜேசிபி லீவர் மாதிரிதானே என்றாள். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

ஜேசிபி ஓட்டுகிறவன் எங்கள் குடும்பத்தில் ஒருவன்தான். என் மகன் பால்துரை. அவன் பேரை நான் எழுதிப் பதினாலு வருஷமாகிறது. எழுதியாயிற்று, அதையும் முழுதாக எழுதிவிடுகிறேன்.

தங்கேஸ்வரி தானாக விரும்பின பையனைத்தான் கட்டிக்கொண்டாள். ஏரல்காரர், போட்டோ எடுக்கிறவர். பால்துரைக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் அவனை ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வரவேண்டியவன் பெண்ணின் அண்ணன். முகூர்த்த நேரத்தில் அவனைக் காணோம். மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நீலக் கட்டம் போட்ட சட்டையோடு உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். இரண்டு பஜ்ஜி. நான் வாசலில் நின்று பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இரண்டாவதைக் கடித்தான். கடைசியில் பெரியப்பா பேரன் ஒருத்தனைப் பிடித்து மோதிரம் போட வைத்தோம்.

அன்றைக்கே சொன்னேன், இனி அவன் வாசலை மிதிக்க மாட்டேன், அவன் என் பிணத்துக்கும் வரக்கூடாது என்று. தங்கேஸ்வரியும் அப்பா படத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். நானாகக் கேட்டுத்தான் செய்தாள் என்றாலும், செய்தாள்.

அவளுக்கு ஜேசிபி எங்கிருந்து ஞாபகம் வந்தது? தெருவில் ஏதாவது பள்ளம் தோண்டுகிறார்களாக இருக்கும்.

அண்டா அடிப்பிடித்திருந்தது. அதைத் தேய்க்கப் போகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

வலைப்பையில் சின்ன வெங்காயம் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஜெபசிங் ஹெலிகாப்டரின் காலில் நூலைக் கட்டி வலையைத் தொங்கவிட்டார். சிமென்ட் தரை கொதித்தது. பாகிஸ்தான்காரர்கள் நாலு பேர், ஒரு பெங்காலி, எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

ஐந்து வெங்காயம் வைத்தோம், சிரமமில்லாமல் போயிற்று. பத்துக்கும் போயிற்று. பதின்மூன்றுக்குச் சாய்ந்து சாய்ந்து எழும்பியது. பதினைந்து வைத்ததும் கடைக்காரர், வேண்டாம் அம்மா, மோட்டார் போய்விடும் என்றார். போனால் நான் வாங்கியதாக வைத்துக்கொள்ளும் என்றேன். அது ஒரு சாண் உயரம் போய், நின்று, யோசித்து, பிறகு என் தலைக்கு மேலே போயிற்று. பாகிஸ்தான்காரர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெங்காயத்தைத் தராசில் போட்டால் நூற்றுப்பத்து கிராம்.

சிவப்பு நிறம் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் ஒரு கீறல். வேறு பெட்டி உடைக்கச் சொன்னேன். நாலு பெட்டி உடைத்த பிறகு கீறல் இல்லாதது கிடைத்தது. உபரியாக இரண்டு விசிறியும் வாங்கிக்கொண்டேன். என் பேத்தி கையில் போகிற பொருளை எவரும் குறை சொல்லக் கூடாது.

ஜூன் 22

வெங்காயம் சாம்பாரில் போட்டாயிற்று.

ஜூலை 19, வெள்ளி

ஜெபசிங் ஆகஸ்டில் லீவில் போகிறார். அவரிடமே கொடுத்துவிடுகிறேன். கண்காட்சி எப்போது என்று கேட்டால் தங்கேஸ்வரி ஆவணி பிறந்து என்கிறாள். பள்ளிக்கூடம் எப்போதிலிருந்து ஆடி ஆவணி பார்க்க ஆரம்பித்தது? கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13

பெட்டி கட்டினோம். பேட்டரியைப் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்களாம், கையில்தான் கொண்டுபோக வேண்டுமாம். அதற்கு ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தேன். தங்கேஸ்வரி கையில் மட்டும் கொடுக்க வேண்டும், நடுவில் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று ஜெபசிங்கிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சரிக்கா, சரிக்கா என்றார்.

ஆகஸ்ட் 25

இரண்டு நாளாக மகள் போன் எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று முதல் தடவையாக ஒருவர் சொன்னார்.

ஆகஸ்ட் 27

பேசினாள். தொண்டை கட்டியிருந்தது. கண்காட்சி நன்றாக நடந்ததாம். சஷ்டிகாவுக்கு முதல் பரிசாம். போட்டோ அனுப்பு என்றேன். அனுப்புகிறேன் என்றாள்.

செப்டம்பர் 8

ஜெபசிங் வந்துவிட்டார். என் முகத்தைப் பாராமல் ஒரு பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டு, குளிக்கவேண்டும் என்று போய்விட்டார். தங்கேஸ்வரி கொடுத்துவிட்ட கருப்பட்டியும் சுக்கும். வெளியே பிளாஸ்டிக் கவர், உள்ளே தினத்தாள், அதற்கும் உள்ளே ஒரு மஞ்சள் துணிப்பை.

ஊரில் விசேஷம் முடிந்த வீட்டில் ஆறு மாசத்துக்குப் பை வாங்க மாட்டார்கள். வந்தவர்களுக்குத் தாம்பூலம் போட்டுக் கொடுத்தது போக மிச்சப் பையில்தான் கடைக்குப் போவார்கள், சாமான் கட்டுவார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நான் பழக்கியது. தங்கேஸ்வரி கைக்கு எட்டியதை எடுத்துவிட்டாள்.

பையில் அச்சடித்திருப்பதை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அவசரமில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தேன்.

செல்வி சஷ்டிகாவின் பூப்புனித நீராட்டு விழா. ஆகஸ்ட் 25. தாத்தா: தெய்வத்திரு திரவியம். தாய்மாமன்: தி. பால்துரை. தங்கள் நல்வரவை விரும்பும் ஆச்சி: சண்முகக்கனி, மஸ்கட்.

என் பேர் இருக்கிறது. நானே எல்லோரையும் அழைத்திருக்கிறேன்.

கருப்பட்டியை டப்பாவில் கொட்டினேன். நல்ல கருப்பட்டி.

செப்டம்பர் 9

காலையில் எல்லோரும் வேலைக்குப் போனபிறகு ஜெபசிங்கை நிறுத்தினேன். பையை அவர் முன்னால் விரித்துப் போட்டேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, என்ட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

"நீரு சாப்பிட்டீரா, இல்லையா? அத மட்டும் சொல்லும்."

"சாப்பிட்டேன்."

"இலைல எத்தன கூட்டு?"

"ஏழு."

"அவியல் எப்பிடி இருந்துச்சி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, நீங்க வைக்கிற மாதிரி இல்லக்கா என்றார். நன்றாக இருந்தது என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வந்து அவரைக் காரில் ஏற்றிப் போனதே பால்துரைதான். துணிப்பையையும் பெட்டியையும் அவன்தான் வாங்கிக்கொண்டான். ஓட்டப் பழக இரண்டு நாள் ஜெபசிங்கே போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் மூன்று தடவை சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அவர் அழுதார். அழட்டும்.

வீடியோவைக் காட்டச் சொன்னேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். தாம்பாளத் தட்டுகள், கொட்டு, வரிசையின் முன்னால் பால்துரை. காதோரம் நரைத்துவிட்டது. என் பேத்தி மேடையில் பச்சைப் பட்டு கட்டி உட்கார்ந்திருக்கிறாள். தாடை என் தாடை. மைக்கில் ஒருவர், மாமன் சீராக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஹெலிகாப்டர் மூலம் இப்போது மாலை சூட்டப்படும் என்கிறார். பால்துரை இரண்டு குச்சியையும் பிடித்திருக்கிறான், மாப்பிள்ளை கேமராவோடு பின்னாலேயே ஓடுகிறார். சிவப்பு ஹெலிகாப்டர் மாலையைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தலைக்கு மேலே வருகிறது. பிள்ளை தலையை நீட்டுகிறது. மாலை ஒரு பக்கத் தோளில் விழுந்து வழிகிறது. தங்கேஸ்வரி சிரித்துக்கொண்டே ஓடி வந்து சரிசெய்கிறாள். திரும்பும்போது அண்ணன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறாள், சின்ன வயதில் தட்டுவதுபோல.

அப்புறம் மைக்கில், ஆச்சி சண்முகக்கனி அம்மாளுக்கு லீவு கிடைக்காததால் வர இயலவில்லை என்றார்கள். லீவு நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முதலாளி அன்றைக்கே டிக்கெட் எடுத்திருப்பார்.

கண்ணில் படுகிற எதையும் விடாத எனக்கு, அந்த மாலை என்ன பூ என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10

தங்கேஸ்வரியிடம் பேசினேன். பை என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன்.  அழுவாள் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தாள்.

"ஓலைக் குச்சு கட்டுததுக்கு மாமன் வேணும்லா எம்மா? வாடகைக்கா பிடிக்க முடியும்? புள்ள சமஞ்ச அன்னைக்கு நான் அண்ணன் வாசல்ல போயி நின்னேன். ஒரு வார்த்த கேக்கல அவன். அந்த நிமிசமே ஓலைய வெட்டிட்டு வந்து நின்னான்."

அப்பா படத்தில் கை வைத்ததை ஞாபகப்படுத்தினேன்.

"நீ வந்தா அவன் வரமாட்டான். அவன் வந்தா நீ எந்திச்சிப் போவ. எம்புள்ளைய மேடைல வச்சிட்டு நான் யாரு பின்னால ஓட?"

அவன் பஜ்ஜி தின்றதைச் சொன்னேன்.

"அதுக்கு முந்தின நாளு, மாப்பிள வீட்டுக்காரங்க அத்தன பேரு முன்னால, அவன வாரியலால அடிச்சியே. முப்பது வயசு ஆம்பளைய. அதையும் எழுதி வச்சிருக்கியா உன் டைரில?"

வாரியலால் அடிக்கவில்லை. வாசல் கூட்டிக்கொண்டிருந்ததால் கையில் வாரியல் இருந்தது. அடித்தது மறு கையால். அவள் அன்று உள்ளே அலங்காரத்தில் இருந்தாள், பார்த்தவள்போலப் பேசுகிறாள்.

இதை இப்போது எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

சஷ்டிகா பேசினாள். யாருமில்லாத நேரம் பார்த்து எடுத்திருக்கிறாள் போலும், மெதுவாகப் பேசினாள்.

"ஆச்சி, அம்மாவ ஏசாதீங்க. அம்மா என்ட்டதான் கேட்டா, ஆச்சியா மாமாவான்னு. நாந்தான் மாமான்னு சொன்னேன்."

நான் ஏன் என்றுதான் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா எங்க வீட்டுக்கு ஒரு தடவ கூட வந்ததில்லலா. நீங்க எப்பிடியும் நவம்பர்ல வந்துருவீங்க."

ஹெலிகாப்டர் கேட்டது யார் யோசனை என்றேன். தன் யோசனைதான் என்றாள். ஆச்சி வாங்கினதுல மாலை வரட்டும்னு நினைத்தாளாம். மாமன் சீர் என்று மைக்கில் சொல்லப்போவது அவளுக்குத் தெரியாதாம். இருக்கலாம். நல்லா தூக்குச்சு ஆச்சி என்றாள்.

பால்துரைமேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு வயது பதினாலு. தங்கேஸ்வரிமேல் ஐந்து நாள். ஜெபசிங் தட்டில் இன்றும் நானாக எதுவும் வைப்பதில்லை, அவரே எடுத்துக்கொள்கிறார். இந்தப் பிள்ளைமேல் கோபப்பட உட்கார்ந்தேன். அடுப்புத் திட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், அரிசி குழைந்துவிட்டது. கோபம் வரவில்லை. இவர்கள் நாலு பேரில் என் முகத்துக்கு நேரே உண்மை சொன்னது அது ஒன்றுதான். அதுதான் ஆறவில்லை.

எப்பிடியும் வந்துருவீங்க.

செப்டம்பர் 15

பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு எழுதச் சொன்னேன். ஊருக்குப் போகிறேன் என்றீர்களே, மகள் அறை கட்டியிருக்கிறாள் என்றீர்களே என்றார். அதில் பத்திரமாகச் சாமான் போட்டு வைக்கலாம் என்றேன்.

புளி தீர்ந்துவிட்டது, சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 24

தங்கேஸ்வரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜெபசிங் சொல்லியிருப்பார், வேறு யார். நேற்றிலிருந்து பதினேழு தடவை அடித்தாள். எடுக்கவில்லை. பதினெட்டாவது எடுத்தேன். இப்போது அழுதாள். ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டிருக்கிறாளாம். மழைக்கு முன்னால் கழற்றி வை, நனைந்துவிடும் என்றேன்.

அக்டோபர் 3

காலையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. புது நம்பரிலிருந்து போன். சட்னிக்குக் கை வேலையாக இருந்ததால் யாரென்று பார்க்காமல் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் சாத்தி வைத்தேன்.

எம்மா என்றான்.

பதினாலு வருஷத்தில் குரல் அவன் அப்பா குரலாகிவிட்டது.

நான் மிளகாயைக் கிள்ளினேன். அவன் பதிலுக்காக நிற்கவில்லை, பேசிக்கொண்டே போனான். என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் காது கொடுத்ததாக ஆகிவிடும்.

தேங்காயும் மிளகாயும் ஜாரில் போட்டு மூடியாயிற்று, சுவிட்சில் விரல் இருந்தது. அந்த மிக்சியைப் போட்டால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அவன் பேசி முடித்து வைக்கும்வரை போடவில்லை.

ஆறரை மணி வண்டிக்குப் போகிற பதினோரு பேர் பொடி தொட்டுக்கொண்டு சாப்பிட்டுப் போனார்கள். சட்னி எங்கே என்று ஜெபசிங் கேட்டார். கரண்டு இல்லை என்றேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்துவிட்டு, சரிக்கா என்றார்.